சக்கரத்தின் மேல் செருப்பு

இந்த மலையில் ரப்பர் செருப்பு ஆறு மாதம் தாங்கினால் பெரிது, சார். ஈரத்தில் வார் அறுந்துவிடும். பாலகுமாருடையது புதிது, நீல வார். மாயாபந்தர் டவுனுக்குப் போயிருந்தபோது நான்தான் வாங்கிவந்து கொடுத்தேன்.

நீர்த்தேக்கத்தில் பதினோரு வருடமாக நான் தினக்கூலி மஸ்தூர். அணையின் அடிக்குழாய் வால்வைத் திறந்து மூடுவேன். முழுதாகத் திறக்க மேலே இருக்கும் சக்கரத்தை நாற்பது சுற்று சுற்றவேண்டும். குழாயில் சேறும் கிளைகளும் அடைத்துக்கொண்டால், வால்வை மூடிவிட்டு ஒருவர் கீழ்வாய் வழியாகத் தவழ்ந்து போய் வாரவேண்டும். போகிறவர் தன் செருப்பைச் சக்கரத்தின்மேல் வைத்துவிட்டு இறங்குவார். செருப்பு இருக்கும்வரை யாரும் சக்கரத்தைத் தொடமாட்டோம். என் செருப்பும் எத்தனையோ முறை அங்கே இருந்திருக்கிறது.

பாலகுமார் மதுரைக்காரன், அந்தமானுக்கு வந்து இரண்டு வருடம். நிரந்தர வேலை ஒன்றே ஒன்று வந்தது. ஆர்டர் அவன் பெயருக்கு வந்தது. திங்கட்கிழமையோடு நான் நிற்கவேண்டும் என்றார்கள். அவன் லட்டு கொண்டுவந்தான்.

"பரேஷான் ஆவாதீங்கக்கா, கவலையே வேணாம். இன்ஜினியர் சாப்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். குவார்ட்டர்ஸ் கூட்டிப் பெருக்க ஒரு ஆளு வேணும்ல?"

நல்ல மனதோடுதான் சொன்னான். நானும் ஒரு லட்டு தின்றேன். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை அவன் குழாய்க்குள் போனான். நான் செருப்பை எடுத்துவிட்டுச் சக்கரத்தைத் திருப்பினேன். நான்காவது சுற்றில் குரல் வந்தது.

"அக்கா, வால்வு கசியுது போல. கொஞ்சம் டைட் பண்ணுங்க."

"சரிப்பா" என்றேன். அதே பக்கமே திருப்பினேன்.

பத்தாவது சுற்றில் வைஜெயந்திக்கா என்று கூப்பிட்டான். அவன் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு அவன் தலை இரும்பில் மோதியது என் உள்ளங்கைவரை தெரிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். பாதியில் விடுவது என் வழக்கமில்லை. நாற்பதும் சுற்றினேன். கீழே முதலில் சேறு வந்தது. அடுத்து அவன் வந்து பாறையில் விழுந்தான். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தெளிந்துவிட்டது.

கொல்லவேண்டும் என்று நினைத்திருந்தால் அந்தச் செருப்பை ஆற்றில் எறிந்திருப்பேன், சார். நான் அதைத் துடைத்து, அவன் ஏறி வந்ததும் காலை நுழைத்துக்கொள்ள வாகாக, மேல்படியில் சேர்த்து வைத்திருந்தேன்.