ஏழு மாதம் பிந்திய டிஸ்க்

உங்கள் மேசைக் கணினி திறக்க நான்கு நிமிடம் எடுக்கிறது இன்ஸ்பெக்டர் ஐயா. உள்ளே தூசி தட்டினாலே பாதி சரியாகிவிடும். தொழில் புத்தி, மன்னித்துவிடுங்கள்.

என் அக்கா மூன்று வாரமாகக் காவலில் இருக்கிறாள். நாங்கள் இருவரும் ஒரே மருத்துவமனை; அவள் நர்ஸ், நான் சர்வரைப் பார்த்துக்கொள்பவன். சொல்லி எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். ஊசி போட்டது அவள் கைதான், ஆனால் அந்த லாரி டிரைவர் செத்தது அவளால் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நோயாளிகளின் குறிப்பெல்லாம் அந்த லினக்ஸ் சர்வரில் இருந்தது. அதில் ரெய்டு முறையில் மேலும் கீழுமாக இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதியும். ஒன்று படுத்தால் மற்றது தாங்கும். ஏழு மாதத்துக்கு முன் கேபிள் தளர்ந்து கீழ் டிஸ்க் கழன்றுகொண்டது. தினமும் எச்சரிக்கை மெயில் வந்தது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று அவற்றைத் தனி ஃபோல்டருக்குத் தள்ளிவிட்டேன். ஒற்றைக் காலில் என்றாலும் சர்வர் நின்றுகொண்டுதானே இருந்தது.

ஒரு ஞாயிறு காலை கெர்னலை, அதாவது சர்வரின் அடிப்படை மென்பொருளை, புதுப்பித்து மறுபடி கிளப்பினேன். கறுப்புத் திரையில் ஒரே வரி: டிஸ்க்கைக் காணவில்லை. புதிய கெர்னலோடு ரெய்டு டிஸ்க்குகளைப் படிக்கும் நிரல் சேராமல் போயிருந்தது. பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்திருந்தால் பத்து நிமிட வேலை. ஆனால் பெரிய டாக்டர் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "என்னப்பா, வார்டே கையக் கட்டிட்டு நிக்குது. உன்னால முடியுமா, இல்ல வேற ஆளப் பாக்கட்டுமா?" அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். கேபிள்களைப் பிடுங்கி மாற்றி மாற்றிச் செருகினேன். திடீரென்று கீழ் டிஸ்க் உயிர்பெற்று, சர்வர் கிளம்பிவிட்டது. அழுதேன் ஐயா, உண்மையாகவே. உடனே மேல் டிஸ்க்கைப் புதியது போல அதனோடு சேர்த்து, நகல் ஓடவிட்டேன்.

நகல் ஒன்பது சதவீதம் போனபோதுதான் தேதிகளைப் பார்த்தேன். ஏழு மாதமாக எந்தப் புதுப்பிப்பும் தொடாமல் பழைய கெர்னலே இருந்ததால்தான் கீழ் டிஸ்க் கிளம்பியிருக்கிறது. இப்போது தன் பழைய குறிப்புகளை அது, ஏழு மாதப் புதுக் குறிப்புகள் இருந்த ஒரே இடமான மேல் டிஸ்க்கின் மீது எழுதிக்கொண்டிருந்தது. கேபிளைப் பிடுங்கியிருந்தால் பெரும்பகுதி தப்பியிருக்கும். ஆனால் ஏழு மாதமாக என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன. ஜெனரேட்டர் சோதனைக்காக மின்சாரத்தை நிறுத்த வந்த எலக்ட்ரீஷியனைக்கூட, "ரெண்டு மணிநேரம் பொறுங்கண்ணே" என்று நானே திருப்பி அனுப்பினேன். நூறு ஆகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மதியம் அக்கா வார்டிலிருந்து போன் செய்தாள்.

"டேய், இந்த லாரி டிரைவருக்கு ரெண்டு மாசம் முன்னாடி இதே ஊசி ஒத்துக்காம தொண்டை வீங்கின மாதிரி ஞாபகம். ஸ்கிரீன்ல அலர்ஜி இல்லன்னு காட்டுதே?"

"அப்ப இல்லக்கா. நீ வேற யாரையோ நினைச்சுக்கிட்டு இருக்க."

"நிச்சயமாடா?"

"நிச்சயமா."

அவள் என்னை நம்பினாள். இருபது நிமிடத்தில் அவர் மூச்சு நின்றது.

மாலையில், விட்டுப்போன குறிப்புகளைப் பழைய தாள்களைப் பார்த்து ஏற்றத் தொடங்கினேன். முதலில் ஏற்றியது அவர் பக்கத்தை, இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதியிலேயே. குறிப்பு சரியாக இருக்க வேண்டும் அல்லவா. விசாரணைக்கு வந்தவர்கள் பார்த்தது அதைத்தான். எச்சரிக்கை இருந்தும் நர்ஸ் கவனிக்கவில்லை என்று எழுதினார்கள். போனில் என்னிடம் கேட்டதைப் பற்றி அக்கா மூச்சுவிடவில்லை. தம்பி வேலைக்கு உலை வைக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறாள்.

அழைத்துப் போகும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதுல இருந்துச்சாமேடா. நாந்தான் சரியா பாக்கலையோ?"

"ஆமாக்கா," என்றேன். "விடு, மனுஷங்கன்னா தப்பு வரத்தான் செய்யும்."

அந்த நேரத்தில் அவளுக்கு ஆறுதல் சொல்ல என்னை விட்டால் வேறு யார் இருந்தார்கள் ஐயா?