காதுக்குள்ள ஒறஞ்ச ரப்பர் பால்

…இல்ல, தெரியாம கேக்கேன், மனுசனுக்க காதுண்ணா என்ன, எல்லாருக்கும் ஒரே அச்சுலயா வார்த்திருக்கு? ஒரே சைசுல இயர்ஃபோன செஞ்சு விக்கான்! எக்கா, நீங்களே சொல்லுங்க… வேண்டாம், சொல்லாண்டாம். எனக்கு கேக்காது. ரெண்டு காதும் அடச்சு கெடக்கு. நீங்களும் கவுளு வீங்கி துண்டு கெட்டிட்டு இருக்கிய. பல்லாக்கும், இல்லியா? வாயத் தொறக்கப் பற்றாது. கொள்ளாம்! கேக்காதவனும் பேசப் பற்றாத எக்காவும் ஒரே பெஞ்சுல. நெய்யாற்றின்கர முழுக்க தேடினாலும் இப்பிடி ஒரு பொருத்தம் கிட்டாது. தலைய மட்டும் ஆட்டுங்க, போரும்.

சத்தமாவா பேசுதேன்? அந்த நர்சம்மா எதுக்கு இங்ஙண மொறைக்கு? எனக்க சத்தம் எனக்கு கெணத்துக்குள்ளேருந்து கேக்கமாதிரியாக்கும் கேக்கு. எக்கா, நான் ராபின்சன். வீடு ஆரியங்கோட்டுல. காலத்த ரப்பர் வெட்டு, சாயங்காலம் கானமேள, மேடைக் கச்சேரி. பாட்டுக்காரனாக்கும்! மோகனனுக்க ட்ரூப்புண்ணு கேட்டிருப்பிய… இல்லியா? போட்டும்.

இந்த மோகனன் ஒரு வேல செஞ்சான். போன கச்சேரியில ஒரு பக்கம் ட்ரம்ஸு, மறுபக்கம் கிட்டாரு, எனக்கு எனக்க பாட்டே கேக்கல. எல்லாம் முடிஞ்ச பெறகு ஒரு கேசட்ட கையில திணிச்சிட்டு, "எலே ராபின்சா, மிக்ஸர்லேருந்து நேரா புடிச்சதாக்கும். ஒனக்க சுருதி எங்ஙண போவுதுண்ணு கேளு. செங்கல் கோயில் உற்சவத்துக்கும் இப்பிடித்தாண்ணா மைக்க ஸ்ரீஜித்துக்கு குடுத்திருவேன்"ங்கான். ஸ்ரீஜித்துக்கு! மீசை மொளச்சும் மொளைக்காத பயலுக்கு! அந்த உற்சவம் எண்ணைக்குண்ணு நெனைக்கிய? இண்ணைக்கு! இண்ணைக்கு சாயங்காலம்!

செரி, கேசட்டக் கேக்கணும் இல்லியா? மச்சினன் கல்ஃபுலேருந்து கொண்டுவந்த வாக்மேன் உண்டு. இயர்ஃபோன் இல்ல. ஆடு தின்னுட்டு. சிரிக்காதீங்க, பல்லு நோவும். பின்ன சாலை சந்தையில போயி நடபாதையில வெல கொறஞ்சது ஒண்ணு வாங்கினேன். எளவு, காதுல வச்சா நிக்காது. நான் தலைய ஆட்டாம பாட்டு கேக்கவனா? ஒரு ஆட்டு ஆட்டினா தொபுக்குண்ணு விழும். வெரலு வச்சு அமுக்கிப் பிடிச்சா தபேலா கும்முண்ணு கேக்கும். வெரல எடுத்தா கொசு பாடும். அந்த கொசுச் சத்தத்துல எனக்க குரலு நல்லதா சீத்தையாண்ணு எவனுக்கு தெரியும்?

அப்பத்தான் எனக்கு புத்தியில பட்டுது, எக்கா. காதுக்கும் கருவிக்கும் எடையில வெடவு, ஒரு சந்து இருக்கக்கூடாது. வெடவு இருந்தா அடிச்சத்தம் எல்லாம் வெளிய சாடிப் போயிரும். மொதல்ல பஞ்சு சுத்தினேன். பஞ்சு உள்ள போச்சு, இயர்ஃபோன் வெளிய வந்துட்டு. சைக்கிளுக்க வால்வு டியூப வெட்டி மாட்டினேன், காது செவந்து பழுத்து போச்சு. எனக்க வீட்டுக்காரி ஜெஸ்மி பெசஞ்சு வச்ச சப்பாத்தி மாவுல ஒரு உருண்ட எடுத்து வச்சேன் பாருங்க… ஆகா, கொஞ்ச நேரம் சொர்க்கமாக்கும்! பெறகு எறும்பு வந்துட்டு.

பின்ன மரத்துல பால் எடுக்கப்போ சிரட்டைய பாக்கேன். அடியில ஒறஞ்சு கெடந்த பால உரிச்சு எடுத்தா, சிரட்டைக்க வடிவு அப்பிடியே இருக்கு! ஒரு வெடவு உண்டா? இல்ல! அட மக்கா, காதும் ஒரு சிரட்டைதானே! துள்ளிச் சாடிட்டேன், எக்கா. பாதி மரம் வெட்டாம வீட்டுக்கு ஓடி வந்தேன்.

அப்பிடி பாக்காதீங்க. நான் பைத்தியமொண்ணும் இல்ல. உள்ள பஞ்சு வச்சு அடச்சிட்டு தான் காதுல பால ஊத்தினேன். ரப்பர் ஷீட்டு அடிக்க பால ஒறைய வைக்குத ஆசிட்டும் தொடல. ஊறுகாய்க்கு உள்ள வினாகிரி ஒரு சொட்டு, அவ்வளவுதான். செரிஞ்சு படுத்து ஒரு காது. அது ஒறஞ்சதும் திரும்பிப் படுத்து மற்றது. ஒண்ண எடுத்துப் பாத்திட்டு மற்றதுல ஊத்தியிருக்கலாம், செரிதான். ஆனா ஸ்டீரியோ அல்லவா!

வரல, எக்கா. இழுத்தா உயிர் போவுது. பால் வெட்டுதவனுக்க கையப் பாத்திருக்கியளா? இஞ்ச பாருங்க, ஒரு ரோமம் உண்டா? பால் காஞ்சு உரியப்போ ரோமத்தையும் கூடக் கொண்டு போயிரும். இது எனக்கு தெரியாதா? தெரியும். எனக்க காதுல காடு மாதிரி ரோமம் உண்டே, அப்பன் வழி சொத்து, அது ஓர்மையில இல்லாம போச்சு! ஜெஸ்மி ரெண்டு கையாலயும் இழுத்தா. நான் கெடந்து கூவினேன். அவ என்னவெல்லாமோ ஏசினா, ஒண்ணும் கேக்கல. அது ஒரு லாபம்.

இந்த ஆசுபத்திரி வரிசை அனங்கமாட்டேங்குதே! சாயங்காலம் மேடையில நான் இல்லண்ணா அந்தப் பயலு ஏறி நிப்பானே… என்ன எக்கா, பையில தேடுதிய? வெளிச்செண்ணயா? மில்லுல தேங்கா ஆட்டிட்டு வாறியளா? இதுலயா ஊத்த… ஊத்துங்க, ஊத்துங்க, நீங்க நல்லா இருப்பிய… ஆ… குளிருது… மெதுவா… எக்கா, மெதுவா… கர்த்தாவே! அம்மோ!

வந்துட்டு! கேக்கு! ஃபேன் கரகரங்குது, பிள்ள கரையுது, எல்லாம் கேக்கு! மற்றதையும் இழுங்க, நான் பல்லக் கடிச்சிட்டு இருக்கேன்… ஹம்மா! அய்யோ, கீழ போடாதீங்க, கீழ போடாதீங்க, அதாக்கும் பொன்னு! பாருங்க எக்கா, எனக்க காது அப்பிடியே! ரோமமும் சேந்து! அந்த சேஃப்டி பின்ன ஒண்ணு தாங்க. நடுவுல துளச்சு… இயர்ஃபோன இப்பிடி அமுக்கி… வாக்மேன் பையில உண்டு… நிக்கு! தலைய ஆட்டினாலும் நிக்கு!

எக்கா! தபேலாவுல வெரலு தட்டுதது கேக்கு! கிட்டாரு வயித்துக்குள்ள வந்து அடிக்கு! இனி எனக்க பாட்டு வரும், கேளுங்க… எந்தா இது, யாரு இவன்? பாட்டு ஒரு வழிக்கு, இவன் ஒரு வழிக்கு போறான். கெட்டு அறுந்த ஆடு மாதிரி! ஸ்ரீஜித்தாக்கும், எக்கா, சத்தியமாட்டு அவந்தான். மோகனன் கேசட்ட மாத்தி தந்துட்டான், களவாணி…

இல்ல. எடையில ஒரு இருமல் வந்துது. அது எனக்க இருமலு.

…சிரிங்க எக்கா, சிரிங்க. பல்லு நொந்தாலும் பரவால்ல, நானும் சிரிக்கேன். எனக்கே வெப்ராளத்துல, சங்கடத்துல சிரிப்பு வருது. இவ்வளவு காலமும் இதத்தான் பாடினேனா? ஆளுவ கையும் தட்டிச்சே! நல்ல ஜனங்க! இஞ்ச பக்கத்துல டெலிஃபோன் பூத்து உண்டா? மோகனன விளிக்கணும். மைக்க அந்தப் பயலுக்கே குடு, கோரஸ்ல ஒரு ஓரமா நிக்கேண்ணு சொல்லணும். ஆனா அவன் பாட்டு அவனுக்கு நல்லா கேக்க, ஸ்ரீஜித்துக்க காதுக்கு பால் ஊத்துதது நானாக்கும், ரோமத்த செரைச்சிட்டு!

உங்களத்தான் விளிக்காவ, எக்கா. ஷியாமளாண்ணு விளிக்கது நீங்கதானே? போங்க, போங்க. எனக்கு டாக்டர் வேண்டாம். நல்லா கேக்கு. அதாக்கும் இப்ப கொழப்பம்.