மூக்கு தேஞ்ச மான்

அந்த பேட்ஜைத் தேய்க்காதீங்க தம்பி. தேய்ச்சா பளபளப்பு வரும், வயசு வராது. இப்படிக் குடுங்க. மேவிஸ்கிட்ட கேட்டா தெரியும்னு யாரு அனுப்பினாங்க? சரி, யாரோ. சனிக்கிழமை சந்தைன்னா இந்த ஸ்கிப்டன் ஹால்ல ஹீட்டரே போடமாட்டாங்க. காலர் வேற குத்திக்கிட்டே இருக்கு.

பட்டாளத் தொப்பி பேட்ஜ்னா முதல்ல கிரீடத்தைப் பாக்கணும். ராஜா காலத்துக் கிரீடம் மேல உருண்டையா வளைஞ்சிருக்கும். இப்ப இருக்கிற ராணியோடது நடுவுல பள்ளமா இறங்கும். இது பள்ளம். அப்ப அம்பத்திமூணுல அவங்க முடிசூடினதுக்குப் பின்னாடி அடிச்சது. உங்க தாத்தா முதல் உலகச் சண்டையில, பதினேழுல, பிரான்ஸ்ல செத்தாருங்கிறீங்க. இது அவரோடதா இருக்காதுன்னு மியூசியத்துக்காரங்க லெட்டர் எழுதினது சரிதான், அவங்களைத் திட்டாதீங்க.

உக்காருங்களேன். சரி, நில்லுங்க. நானும் நிக்கிறேன்.

அப்பா சாப்பிடவே மாட்டேங்கிறாரா? எழுபத்திமூணு வயசுல ஒரு மனுஷன், அம்மா நம்மகிட்ட பொய் சொல்லிட்டாளோ, அப்பா பட்டாளத்துக்கே போகலியோன்னு சுவரைப் பாத்துப் படுத்திருக்காருன்னா... அந்த டீயைக் குடிங்க, ஆறுது.

அவரு பட்டாளத்துக்குப் போனாரு தம்பி. அவரோட நிஜ பேட்ஜ்ல, அவரு தினம் பாலீஷ் போட்டுப் போட்டு அதுல இருக்கிற மானோட மூக்கே தேஞ்சுபோச்சு. கண்ணும் இல்ல, வழவழன்னு இருக்கும். இதுல பாருங்க, மூக்கு கூரா நிக்குது. உங்கப்பாவுக்கு அப்பவே பார்வை மங்கல், அதான் கண்டுபிடிக்கல.

எனக்கெப்படித் தெரியுமா? இருங்க, இந்த டப்பாவை மூடிக்கிறேன்.

இந்தப் பட்டாளத்து பேட்ஜ்ல மான் நிக்கல் கலந்த வெள்ளை உலோகம், சுத்திலும் பித்தளை. பதினாறுல, சண்டைக்கு நிக்கல் வேணும்னு கொஞ்ச நாள் முழுக்கப் பித்தளையிலயே அடிச்சாங்க. அது ஒண்ணு கிடைக்காம நான் பேட்ஜ் சேத்துக் குத்தி வச்சிருக்கிற அட்டையில முப்பது வருஷமா ஒரு இடம் காலி.

பன்னெண்டு வருஷம் முன்னாடி, இதே மேஜை. உங்கப்பா வந்தாரு. பிரான்ஸ்லேர்ந்து பொட்டலத்துல வந்த பேட்ஜை உங்க பாட்டி சட்டையில குத்திக்கிறதுக்காக ஊசி வச்சிருந்தாங்க. அந்த ஊசி உடைஞ்சுபோச்சு, பத்தவச்சுக் குடும்மான்னாரு. முழுப் பித்தளை. ராத்திரியெல்லாம் தூங்கல நான். மறுவாரம், பின்னாள்ல பித்தளையில அடிச்ச ஒரு நகல் பேட்ஜ்ல ஊசி வச்சுக் குடுத்தேன். இந்தாங்க, பின்னாடி ஈயத்தைப் பாருங்க, என் கைவேலைதான். பித்தளையா, மான் இருக்கான்னு மட்டும் பாத்தேன். அத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் கிரீடம் பாத்துச் சொன்னவ, அன்னிக்குக் கிரீடத்தைப் பாக்கல.

உங்க தாத்தாவோடதை அட்டையில வைக்கவும் மனசு வரல. விக்கவும் இல்ல. இந்தக் காலருக்கு அடியிலதான் இருக்கு, அன்னியிலேர்ந்து. நீங்களே கழட்டுங்க. குத்தினா குத்தட்டும்.

அப்பாவுக்கு லெட்டர் எதுவும் படிச்சுக் காட்ட வேணாம். கையில குடுங்க, போதும். மூக்கைத் தடவிப் பாத்தாருன்னா அவங்கம்மா பொய் சொல்லலன்னு அவருக்கே தெரிஞ்சுடும்.