கூப்பிடுபாறைக்குப் பேர் வாங்கித் தந்த கமர்நிசா அம்மையாருக்கு

ஏலம் மணக்கும் எழில்மலைச் சரிவெல்லாம் ஏறி இறங்கிய ஏந்தலே! மழைக்கும் மஞ்சுக்கும் மலைக்காமல் மடல் சுமந்த மாண்பே! ஊரார் சேதியெல்லாம் தோளில் தாங்கியும், தம் சேதி ஒன்றையும் பறைசாற்றாத பண்பே! கூப்பிடுபாறைக் கிளை அஞ்சலகத்தின் முதல் அலுவலராய் அமர்ந்து, இன்று பணி நிறைவு பெறும் கமர்நிசா அம்மையாரே, வணக்கம்!

தங்களை நேருக்கு நேர் புகழ்ந்தால் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொள்வீர்கள். ஆகவே, தாங்கள் யாரோ, கமர்நிசா யாரோ என்பதுபோல் அவர் கதையைச் சொல்கிறோம். சபையோடு சபையாக இருந்து கேட்டருள்க!

போடிமலை அடிவாரத்தில் பேருக்குப் பஞ்சமில்லை. நாயக்கர் பேரைத் தாங்கிய நகரமுண்டு. தேவாரம் என்றால் பாட்டு நினைவில் எழும். சிலமலை என்றால் எத்தனை மலை என்று எண்ணத் தோன்றும். ராசிங்காபுரம் என்று உரக்கச் சொன்னால் ராசா ஒருவர் நடந்து வருவதுபோல் இருக்கும். ஆனால் போடிமெட்டுச் சாலையிலிருந்து பிரிந்து, ஜீப்பு நின்றுவிடும் இடத்துக்கும் மேலே, ஏலச்செடிகளின் நடுவே இருந்த குடியிருப்புக்கு மட்டும் பேரில்லை. தோட்டத்துக் கணக்கில் அது 'மேல் லைன்', அதாவது மேல் வரிசைத் தொழிலாளர் வீடுகள். மலையாளம் பேசியவர்கள் மஞ்ஞுப்பாறை என்றார்கள். ராசிங்காபுரத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் யானை எறக்கம் என்றார்கள். அங்கேயே பிறந்த பிள்ளைகளைக் கேட்டால், "நாங்க மேல" என்று கையைக் காட்டினார்கள்.

அந்த 'மேல'வுக்குத் தபால் பை சுமக்கும் வேலையில் சேர்ந்தவர்தான் கமர்நிசா. போடி நகரத்துப் பெண். அதுவரை மலை என்பது அவருக்கு மொட்டை மாடியிலிருந்து தெரிந்த நீலக்கோடு மட்டுமே. சேர்ந்த முதல் மழைக்காலத்தில், ஒரு முற்பகலில், அந்த நீலம் வெள்ளையானது. முதலில் எதிர்ச்சரிவு மறைந்தது. அடுத்துப் பக்கத்துச் செடி மறைந்தது. கடைசியில் தம் பாதங்களே அவருக்குத் தெரியவில்லை. காலடியில் தரை இருக்கிறதா, காற்று இருக்கிறதா என்று தெரியாமல் நின்றார். பயமாகவும் இருந்தது, கனவுக்குள் நிற்பதுபோல் சுகமாகவும் இருந்தது என்று பின்னாளில் எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"யாரது? எட்டு வைக்காத, பள்ளங் கெடக்கு!"

"தபாலு!" என்றார் கமர்நிசா. வேறென்ன சொல்வதென்று அவருக்குத் தோன்றவில்லை.

"தபாலா? சரி ஆத்தா, நான் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். கொரலப் புடிச்சுக்கிட்டு வா."

குரலைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மூட்டம் விலகிய இடத்தில், யானை முதுகு போன்ற ஒரு பாறைமேல், மழைக்குச் சாக்குக் கொங்காணியைப் போர்த்திக்கொண்டு வேலுத்தாய் நின்றிருந்தார். ஏலக்காய் எடுக்கும் தொழிலாளி. மூட்டம் இறங்கும் நாளில் யாராவது ஒருவர் அந்தப் பாறையில் ஏறி, கடைசி ஆள் வந்து சேரும்வரை கூப்பிட்டுக்கொண்டிருப்பது அவர்கள் வழக்கம்.

அன்று பிடித்த உறவு விடவில்லை. ஆனால் அந்த உறவுக்கும் ஒரு சோதனை வந்தது. வேலுத்தாயின் மகள் சுசித்ராவுக்குச் செவிலியர் படிப்பில் சேரச் சொல்லி ஒரு கடிதம் புறப்பட்டது. மலையில் மேல் லைன் ஒன்றா இரண்டா? கடிதம் வேறு தோட்டங்களின் மேல் லைன்களைச் சுற்றிவிட்டு, சேரும் நாள் கழிந்தபின் கமர்நிசாவின் பைக்கு வந்தது. அதை நீட்டியபோது அவருக்குக் கை கூசியது.

"ஒன்னச் சொல்லி என்னத்தா ஆகப்போகுது?" என்றார் வேலுத்தாய். "பேரில்லாத ஊருக்குக் கடுதாசி எப்படி வெரசா வரும்?"

அந்தக் கேள்வி கமர்நிசாவோடு மலையிறங்கி வந்தது. அவர் மனு எழுதினார். பதில் வராதபோது மறுபடி எழுதினார். அலுவலக வாசலில் காத்து நின்றார். முடிவில் ஒருநாள் அஞ்சல் ஆய்வாளர் அருள்பாண்டி மூச்சிரைக்க மேலேறி வந்து, திரண்டிருந்த மக்களிடம் சொன்னார்: "போஸ்ட் ஆபீசு தர்றோம். எடம் நீங்க தரணும். பேரும் வேற எங்கயும் இல்லாத பேரா இருக்கணும். ஆளுக்கொண்ணு சொன்னா நான் எதத்தான் எழுதுறது?"

தோட்ட முதலாளி முன்வந்தார். "எடமும் தர்றேன், கட்டடமும் கட்டித் தர்றேன். எங்கப்பா பேரோட ஒரு புரத்தச் சேத்து வச்சிருங்க."

எல்லோரும் அவர் கட்டிய வீடுகளில் குடியிருப்பவர்கள்; வேண்டாம் என்று யார் சொல்வது? ஆமென்றால் அஞ்சலகம் உறுதி. ஆனாலும் அந்தப் பேர் இவர்களுடையதா என்ற எண்ணம் கமர்நிசாவை விடவில்லை. வேலுத்தாயின் பக்கம் திரும்பினார்.

"மதினி, மூட்டத்துல வழி தெரியாதவுகள எங்க நின்னு கூப்பிடுவீக?"

"இதென்ன கேள்வி? கூப்பிடுபாறையிலதான்."

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. கூட்டத்தில் ஒருவர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். மலையாளம் பேசியவர்களும் சொல்லிப் பார்த்தார்கள். எல்லோர் நாக்கிலும் ஏற்கெனவே இருந்த சொல். பேர் என்று மட்டும் எவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

முதலாளி எழுந்தார். "அப்ப எடத்தையும் அந்தப் பாறையே குடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அருள்பாண்டி பேரை எழுதிக்கொண்டார். "மழை முடியறதுக்குள்ள எடத்தக் காட்டுங்கம்மா. இல்லேன்னா இந்தப் பேரு காயிதத்துலதான் இருக்கும்."

மேலே ஏலக்காய் வாங்கி வைக்க ஒரே ஒரு கிட்டங்கி இருந்தது. அது கமர்நிசாவின் கணவர், போடி வியாபாரி கலீபுல்லாவுடையது. கேட்டபோது அவர் காய் தரம் பிரிப்பதை நிறுத்தவில்லை.

"அதக் குடுத்துட்டா சரக்க எங்க வைக்கிறது?" என்றார். ஒரு பிஞ்சுக் காயைத் தள்ளிவிட்டு, "குடுத்தா நம்ம அத்தா பேர வைப்பாகளா?" என்று கேட்டார்.

கமர்நிசாவுக்கு மாமனார்மேல் உயிர். இருந்தும் சொன்னார்: "அதக் கேட்டா அந்த மொதலாளிக்கும் நமக்கும் என்னங்க வித்தியாசம்?"

மறுநாள் காலையில் கலீபுல்லா தேநீர்த் தம்ளரோடு சாவியையும் நகர்த்தி வைத்தார். "மேக்க ஒரு ஓடு ஒழுகும். பாத்துக்க."

அப்படித்தான் கூப்பிடுபாறை அஞ்சலகம் திறந்தது! சுசித்ரா மறுவருடம் விண்ணப்பித்தார்; புதுப் பேரெழுதிய உறை நேராக வந்து சேர்ந்தது. இன்று அவர் தேனியில் செவிலியராக இருக்கிறார். யானை இறங்கிய நாளிலும் கமர்நிசா கதவைத் திறந்து வைத்தார்; நடக்க முடியாதவர்களுக்கு ஓய்வூதியத்தை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தார்; எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல எழுதி, கேட்டதை அங்கேயே மறந்தார். பின்னொரு நாள் முதலாளியே படியேறி வந்து பதிவுத்தபால் கொடுத்தார். அனுப்புநர் முகவரியில் கூப்பிடுபாறை என்று அவர் கைப்பட எழுதியிருந்ததைக் கமர்நிசா கண்டார். முத்திரையைச் சற்று மென்மையாகக் குத்தினார்.

சென்ற வாரம் நடந்ததையும் சொல்லி முடிக்கிறோம். மலைக்குப் போகும் ஜீப்பில் ஏற அவர் போடியில் நின்றிருந்தார். புதிதாக வந்திருந்த ஓட்டுநர், முன்னிருக்கையிலிருந்த வெளியூர்க்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்: "கூப்பிடுபாறையா? அது ரொம்பப் பழைய ஊருண்ணே. ராசா காலத்துலருந்து அதே பேருதான்." பிறகு கமர்நிசாவைப் பார்த்து, "அப்படித்தானத்தா?" என்றார்.

"ஆமாப்பா" என்றார் கமர்நிசா. ஜன்னலோரம் அமர்ந்து, மலை நெடுகிலும் தமக்குள்ளே சிரித்துக்கொண்டே போனார்.

அம்மையீர்! முழங்கால் வலி நீங்கி, கலீபுல்லா ஐயாவோடு கைகோத்து, பை சுமக்காமல் அதே மலையில் பல்லாண்டு உலவி வருக! பிறருக்கே தபால் கொடுத்த கைகளுக்கு இனித் தங்கள் பேரெழுதிய மடல்களும் வாரந்தோறும் வந்து சேர்க!

என்றும் தங்கள் அன்பில் நனையும்,
போடிநாயக்கனூர் அஞ்சலக ஊழியர்களும்
மலைச்சரிவுக் கிளை அஞ்சலகத் தோழர்களும்