பென்டிரைவில் இருந்த என் கருப்பைப் படம்

என் பெயரும் முகவரியும் மேலே எழுதியிருப்பவைதான். வயது முப்பத்தொன்று. திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை செய்கிறேன். மருத்துவமனைக்காரர்கள் புகாரில் சொல்லியிருக்கும் பென்டிரைவை நான்தான் எடுத்தேன், யாரும் தூண்டிவிடவில்லை.

போன வருடம் எனக்குக் கரு கலைந்து, உள்ளே சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். அதன் பிறகு மாதவிலக்கு நின்றுபோனது. சுரண்டிய இடத்தில் தழும்பு விழுந்து கருப்பையின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன என்று டாக்டரம்மா சொல்லி, சென்ற மாதம் மயக்கம் கொடுத்து, உள்ளே கேமரா விட்டு, ஒட்டியதை வெட்டிப் பிரித்தார். அதைத் திரையில் காட்ட என் கணவரை உள்ளே அழைத்திருக்கிறார்கள். நான் கண் விழித்த பிறகு டாக்டரம்மா, "நல்லாத் திறந்திருச்சும்மா" என்றார். வீட்டுக்கு வந்த பிறகு என் கணவரோ, "அவங்க எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்வாங்க. நான் கண்ணால பாத்தேன், எல்லாம் ஒட்டித்தான் கிடக்கு" என்றார். அதை வைத்து மாமியாரும் நாத்தனாரும் என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவருக்கு வேறு பெண் பார்க்கப் பேச்சை எடுத்தார்கள். என் வயிற்றுக்குள் இருப்பதை ஆளாளுக்குப் பேச, நான் மட்டும் பார்க்காமல் இருப்பது எனக்கு ஆத்திரமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், ஆத்திரத்தைவிட ஆசைதான் அதிகம்.

அதன் பிறகு மருத்துவமனைக்குப் போய், அன்று கேமராவில் பதிவான படத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண், "அதெல்லாம் பாத்தா பயந்துருவீங்கக்கா" என்றார். அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது, என் கோப்போடு சேர்த்துக் கட்டியிருந்த பென்டிரைவை அவிழ்த்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். பயமே வரவில்லை. முதலில் சுவருக்குச் சுவர் வெள்ளை நாராக இழுத்துக்கொண்டிருந்தது, வழியே இல்லை. அதன் பிறகு ஒரு குட்டிக் கத்தரி வந்து முதல் நாரை வெட்டியது. உடனே தொம்மென்று ஒரு சத்தம் கேட்டது. "சாரைப் பிடிங்க, விழுந்துட்டாரு" என்று நர்ஸ் கத்தினார். "வெளிய கொண்டுபோய்ப் படுக்க வைங்க" என்று டாக்டரம்மா சொன்னார். விழுந்தவர் என் கணவர். கதவு சாத்தும் சத்தமும் கேட்டது. அதன் பிறகுதான் கத்தரி மளமளவென்று வேலை பார்த்தது. நார்கள் விலக விலக உள்ளே ஒரு சின்ன அறை தெரிந்தது. நல்ல இளஞ்சிவப்பு. இரண்டு மூலையிலும் பொட்டுப் போல ஒரு துளை. எனக்குள் இவ்வளவு அழகான இடம் இருப்பது இத்தனை நாள் எனக்கே தெரியவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

பென்டிரைவை ஒப்படைத்துவிட்டேன். எடுத்தது தப்புதான். என் கணவரும் மாமியாரும் இப்போது காவல் நிலைய வாசலில் நிற்கிறார்கள். மருத்துவமனைக்குத் திருப்பிக் கொடுக்கும் முன் அவர்களை உள்ளே கூப்பிட்டு, அவரை மட்டும் நாற்காலியில் உட்காரவைத்து, மீதியையும் போட்டுக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னதில் ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அத்தனையும் உண்மை.

(கையெழுத்து)