நீலத்தில் முகம் இல்லை

குண்டு விழுகிறது. காலை ஆறு பத்து. டொம் என்று ஒன்று. பத்து எண்ணுவதற்குள் இன்னொன்று. கட்டிங் டேபிளுக்கு அடியில் கிடக்கிறோம். நானும் முருகேசனும். தகரக் கூரை அதிருகிறது. வெளியே டிரைவர் மூசா கத்துகிறான்.

"வேன்ல ஏறு! ஏறு!"

ஓடினோம்.

நான் பிரிண்டிங் வேலைக்காரன். ஊர் குன்னத்தூர். முருகேசன் கட்டிங் மாஸ்டர். சோமனூர்க்காரர். வேலை பார்த்தது மேற்கு ஆப்பிரிக்காவில், ஓர் அரசியல்வாதியின் பனியன் கம்பெனியில். நாட்டுப் பேரை எழுதவில்லை. அந்த அரசியல்வாதிக்கு இங்கே நம் ஊரிலும் ஆள் உண்டு. முருகேசன் செத்ததை அவர் சம்சாரம் நம்பவில்லை. உடம்பு வரவில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அந்த அரசியல்வாதியைத் திருப்பூரிலேயே தெரியும். காதர்பேட்டை பனியன் கடைகளுக்கு செகண்ட்ஸ், பழுதுள்ள சரக்கு, வாங்க வருவார். சிரித்துக்கொண்டே துணியை இழுத்துப் பார்ப்பார். பிறகு அவர் நாட்டில் எலெக்‌ஷனில் நின்றார். பனியன் நாங்கள் அடித்தோம். பச்சை. நெஞ்சில் அவர் முகம். தோற்றார். அடுத்து மஞ்சள் ஆர்டர். ஜெயித்த கட்சியின் நிறம். அதே முகம். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகுதான் கட்சி மாறினார். மந்திரி ஆனார். அப்புறம் வெள்ளை. அதுவும் போய்ச் சேர்ந்தது. பட்டாளம் ஆட்சியைப் பிடித்தது. வெள்ளை பனியனில் பட்டாளத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

எனக்கு அப்போதே உறுத்தியது. அந்த நாட்டுக்குத் தெரியும் முன்னே நான் அச்சடிக்கும் ஸ்கிரீனுக்குத் தெரிகிறது. யாரிடமும் சொல்லவில்லை. ஆர்டர் தரும் பையர் கேட்டால் அடித்துக் கொடுப்போம். கேள்வி கேட்பதில்லை.

அவரே அங்கே கம்பெனி போட்டுக் கூப்பிட்டார். போனோம். அங்கே வந்தது நாலாவது ஆர்டர். நீலம். முகம் இல்லை. எழுத்தும் இல்லை. முதுகில் ஒரு வெள்ளைக் கோடு.

"மூஞ்சி இல்லாம எதுக்குங்க மாஸ்டர்?"

"அந்த மூஞ்சிய ஊரே பாத்தாச்சுங்க. போதும்னு உட்டுட்டாரு."

சிரித்தார். கோடு கோணிப்போன ஒரு பீஸை எடுத்து மாட்டிக்கொண்டார். ரிஜக்ட் பீஸை வேலைக்குப் போட்டுக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம்.

"கழட்டுங்க" என்றேன்.

"ஏனுங்க, மாப்ள மாதிரி இல்லீங்களா?"

அதோடு விட்டுவிட்டேன்.

சரக்கு போன எட்டாம் நாள், நீல பனியன் போட்ட அவர் ஆட்கள் பட்டாளத்தைச் சுட்டார்கள். அதற்குத்தான் அந்தக் காலையில் பட்டாளம் குண்டு போட்டது. அன்றைக்கும் மாஸ்டர் அதைத்தான் போட்டிருந்தார்.

வேனில் பதினொரு பேர். ஏழு மணி. பாலத்துக்கு முன்னால் பட்டாளம் நிறுத்துகிறது. இறங்கச் சொல்கிறார்கள். மாஸ்டர் கடைசி. கம்பியைப் பிடித்துப் பின்பக்கமாக இறங்குகிறார். முதுகுக் கோடு தெரிகிறது.

"நீலம்! நீலம்!" ஒரு பட்டாளத்துக்காரன் கத்துகிறான்.

"கழட்டுங்க மாஸ்டர்!" நான்தான் கத்தினேன்.

கழட்டக் கையைத் தூக்கினார். மூன்று வெடி. மூசா குறுக்கே ஓடினான். இரண்டு. அப்புறம் விடாமல் சத்தம். நான் பாலத்தடிச் சேற்றில் விழுந்தேன். மத்தியானம்தான் மேலே ஏறினேன். பட்டாளம் போயிருந்தது.

அந்த அரசியல்வாதி இப்போது சமாதானப் பேச்சுக்குப் போகிறார். கோட்டு போட்டிருக்கிறார். தன் கம்பெனியில் ஒருவரும் சாகவில்லை என்று பேப்பரில் சொன்னார். மாஸ்டர் சம்சாரம் அதை வெட்டி வைத்திருக்கிறார். "உங்களுக்கு மட்டும் எப்படிங்க தெரியும்?" என்று என்னைக் கேட்கிறார். நான் ஏதோ மறைக்கிறேன் என்று நினைக்கிறார்.

நான் எண்ணினேன். வேனில் ஏறியவர் பதினொருவர். ஓவர்லாக் மெஷினில் தைக்கும் பெண் ஒருத்தியைக் காணவில்லை. தப்பியது நான். பாலத்தில் கிடந்தது ஒன்பது. எட்டுப் பேர் அந்த ஊர்க்காரர்கள். மூசா அதில் ஒருவன்.

ஒன்பதாவது முருகேசன். கண்ணை நான்தானுங்க மூடினேன்.