தாழ்ப்பாள் ஐயா விட்டுச் சென்ற வழக்கு

மேடையில் அமர்ந்திருக்கும் முதலாளி அவர்களே, தொழிலாளர் சங்கச் செயலாளர் அவர்களே, மறைந்தவரின் துணைவியாரே, நம் சலவை நிலையத்தின் சகோதர சகோதரிகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். ஒலிபெருக்கியைத் தட்ட வேண்டாம். பரிசோதனைப் பிரிவை நடத்துகிறவள் நான், கடைசி வரிசைவரை கேட்கும்படி பேச எனக்குத் தெரியும்.

நம் பணியாளர் அலுவலர் ஐயா போய்விட்டார். நீங்கள் அவருக்குத் தாழ்ப்பாள் என்று பெயர் வைத்திருந்தது அவருக்குத் தெரியும். காலைச் சங்கு ஓய்ந்ததும் வாயிற்கதவைத் தம் கையாலேயே சாத்துவார். "பேரு பொருத்தமாத்தான் இருக்கு மேடம்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். நீராவிக் குழாய் வெடித்த அன்று ஈர விரிப்புகளைத் தோளில் சுமந்தவர் யார்? அந்த ஐயா. நாம் வெளுத்துக் கொடுக்கும் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்குத் துணி குறைந்ததென்று கொட்டும் மழையில் வண்டியேறிப் போனவர் யார்? அந்த ஐயா. நேர்மையில் அவருக்கு இணையாக ஒருவரை நான் பார்த்ததில்லை. என் கணவரையும் சேர்த்தே சொல்கிறேன். என் கணவர் உயிரோடு இருந்திருந்தால் அவரே ஒப்புக்கொண்டிருப்பார்.

இதோடு முடித்துக்கொண்டு இறங்கலாம். ஆனால் மேடையேறும் முன் முதலாளி என்னிடம், "அவர் விட்ட வேலையை நீங்கதான் மேடம் முடிச்சு வைக்கணும்" என்றார். எந்த வேலை என்று இங்கே பலருக்கும் தெரியும். தெரியாத உறவினர்களுக்காகச் சொல்கிறேன்.

நம் இஸ்திரிப் பிரிவில் வேலை பார்க்கும் பெண் ஒருவர், முதுகுவலி என்று டாக்டர் சீட்டோடு விடுப்பில் இருந்தார். அந்த நாட்களில் ஒருநாள் ஐயாவும் நானும் துணி வண்டியில் கடைத்தெரு வழியாக வந்தோம். அந்தப் பெண் செருப்புக் கடையில் நின்று யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா மேடம்? முதுகு முடியலயாம். சிரிப்பு மட்டும் நல்லா வருது."

"வலிக்கிறவ சிரிக்கக் கூடாதுன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?"

"சம்பளத்தோட லீவு வாங்கிட்டுச் செருப்பு வாங்குறா. இதுக்குப் பேரு ஏமாத்து. நான் போலீசுக்குப் போகத்தான் போறேன்."

போனார். வழக்கும் பதிவாயிற்று. புகார் கொடுத்தவர் இறந்துவிட்டதால் வழக்கு இறந்துவிடாது என்று வக்கீல் சொல்கிறார். அந்தப் பெண் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டும். கண்ணால் பார்த்த சாட்சி இனி நான் ஒருத்திதான்.

நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். பொய் சொன்னால் முழங்காலில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். அதில் எனக்கு இன்றும் குழப்பமில்லை. பொய்ச் சீட்டு கொடுத்துச் சம்பளம் வாங்குவது திருட்டுதான். திருட்டுக்குக் கோர்ட்டு இல்லாமல் வேறு எது? இப்படிச் சொல்லிக்கொண்டுதான் படுக்கிறேன். எழுந்தால் வேறு மாதிரி தோன்றுகிறது. அந்தப் பெண் சொன்னது பொய்யென்று எதை வைத்துச் சொல்வது? நின்றதை வைத்தா? சிரித்ததை வைத்தா? ஒருவருடைய முதுகு வலித்ததா இல்லையா என்று காவலர் எப்படி விசாரிப்பார்? டாக்டர் சீட்டில் சந்தேகம் என்றால் இன்னொரு டாக்டரிடம் அனுப்பியிருக்கலாமே, நாம் ஏன் நேராகக் காவல் நிலையத்துக்குப் போனோம்?

இந்த நிலையத்தில் எல்லோரும் துணியை, அடியிலிருந்து வெளிச்சம் வரும் விளக்கு மேசையில் விரித்துப் பார்த்துப் பழகியவர்கள். கறை இருந்தால் தெரியும், தெரியாவிட்டால் இல்லை. ஐயாவுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததே என் பரிசோதனைப் பிரிவுதான். மனிதரையும் அப்படியே பார்த்துவிட்டாரோ?

இனிச் சொல்லப்போவதை அவர் மனைவியிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். போன வாரம் ஐயா என் மேசைக்கு வந்து நின்றார்.

"நெஞ்சு ஒரு மாதிரி அழுத்துது மேடம்."

"வீட்டுக்குப் போங்க. லீவு எழுதிக் குடுங்க."

"நல்லா நடமாடிக்கிட்டு இருக்கேன். பாக்கிறவன் என்ன நினைப்பான்? அந்தப் பொண்ணை உள்ள தள்ளப் பாத்துட்டு, இவர் மட்டும் லீவுல போறாருன்னு சொல்ல மாட்டானா?"

மறுநாளும் வந்தார். கதவைச் சாத்தினார். நாற்காலியில் உட்கார்ந்தவர் எழவில்லை. அவரைப் பார்த்த யாருக்கும் வலி தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

அந்தப் பெண் இப்போது இந்தக் கூடத்தில் இருக்கிறார். நாற்காலிகள் காலியாக இருந்தும் கதவோரம் நிற்கிறார். நான் உள்ளே வந்ததும் அதைப் பார்த்துக் கோபப்பட்டேன், "உக்காரும்மா, இது மரியாதை இல்லை" என்றேன். "உக்காந்தாத்தான் மேடம் வலிக்குது. நிக்கிறேனே" என்றார். அது உண்மையா? சத்தியமாக எனக்குத் தெரியாது. நீதிபதிக்கு மட்டும் எப்படித் தெரியும்?

முதலாளி அவர்களே, கோர்ட்டில் அழைத்தால் போவேன். அந்தப் பெண் நின்றார், சிரித்தார் என்று சொல்வேன். வலித்ததா என்று கேட்டால் நான் பார்க்கவில்லை என்பேன். அதற்கு மேல் ஒரு சொல் என்னிடம் கிடைக்காது. புகாரைத் திரும்பப் பெற வழியிருக்கிறதா என்று வக்கீலிடம் நாளைக்கே கேளுங்கள். நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம்.

ஐயா விட்ட வேலையைத் தொடர்வேன் என்று இந்தச் சபையில் உறுதி சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்குத் துணி தவறாமல் போகும். காலையில் கதவை நான் சாத்துகிறேன். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால், சாத்தும் முன் என்னிடம் வந்து சொல்லுங்கள். நம்புவேனா என்று இப்போது சொல்ல முடியாது. கதவைப் பிடித்துக்கொண்டு முழுவதும் கேட்பேன்.